மைக் இல்லாத காலத்து ராக் ஸ்டார்

சனிக்கிழமை சாயந்திரம் கொடிசியாவில் ஏதாவது ஒரு பேண்ட் வாசிக்குதுன்னா போதும், நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேர் காணாமல் போயிடுவாங்க. திரும்பி வரும்போது தொண்டை கட்டியிருக்கும், காதுக்குள்ள டிரம்ஸ் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருத்தரா? அப்படின்னா உங்களுக்கு ஒருத்தரை அறிமுகப்படுத்தணும். நம்ம கொங்கு மண்ணுக்காரங்கதான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்.

பெயரைக் கேட்டதும் டிவியில் பார்த்த 'திருவிளையாடல்' ஔவைப் பாட்டி ஞாபகம் வந்திருக்கும். கொஞ்ச நேரம் அந்தப் பாட்டியை மறந்துட்டு, பதினெட்டு வயசுப் பொண்ணு ஒருத்தியை நினைச்சுக்கங்க.

1908-ல் கொடுமுடியில் பிறந்தார். வீட்டில் வறுமை. சின்ன வயசிலேயே ரயிலில் பாடிக் காசு வாங்கிய குழந்தை அவர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் மூலமாகத்தான் நாடகக் கம்பெனிக்கு வழி கிடைத்தது. வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து, முதலில் பாலபார்ட், பிறகு பெண் வேஷம், தேவைப்பட்டால் ஆண் வேஷமும். ஊர் ஊராகச் சுற்றினார்கள். கப்பலேறிக் கொழும்பு வரைக்கும் போனார்கள்.

அந்தக் காலத்து நாடகம் என்றால் கிட்டத்தட்ட கச்சேரிதான். ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். ஸ்பீக்கர் கிடையாது, மைக் கிடையாது. ஹார்மோனியம், மிருதங்கம், அதுக்கு மேல் தொண்டை. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கியவனுக்கும் கேட்கணும், இல்லாட்டி கத்தியே இறக்கிவிடுவான். பிடித்துவிட்டால் ஒன்ஸ்மோர். கதை அங்கேயே நிற்கும், பாட்டு மறுபடி ஆரம்பிக்கும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் பாடுவது என்று மேடையில்தான் முடிவாகும். நம்ம ஆளுங்க இதைத்தான் 'ஜாம்' என்கிறார்கள்.

1926-ல் கொழும்பில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். செங்கோட்டைக்காரர், அந்த நாளின் உச்ச நட்சத்திரம். அவர் குரலுக்கு எதிரே இந்தப் பெண் தாக்குப் பிடிப்பாளா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. பிடித்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் போட்டி போட்டுப் பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷம் கல்யாணம்.

இங்கேதான் கதை கஷ்டமாகுது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பிறந்த குழந்தை சில நாட்களில் இறந்துபோனது. குடி கிட்டப்பாவின் உடம்பைத் தின்றது. பிரிவு, சமாதானம், மறுபடி பிரிவு. அந்த நாட்களில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்களைப் பின்னாளில் அச்சில் போட்டிருக்கிறார்கள். கோபமும் கெஞ்சலும் வீட்டுக் கணக்கும் கலந்த கடிதங்கள். கிடைத்தால் தேடிப் படிங்க. மேடையில் அத்தனை பேரை அடக்கிய ஆள், வீட்டில் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது தெரியும்.

1933 டிசம்பர் 2. கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயசு 27. (ஆமா, ராக் ரசிகர்கள் பேசுவார்களே, அதே 27.) சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார், மேடையை விட்டு ஒதுங்கினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். காந்தி வந்து தேசத்துக்காகப் பாடச் சொன்னார், சத்தியமூர்த்தியும் விடவில்லை என்று அவர் திரும்பி வந்த கதையைச் சொல்வார்கள். 1937 தேர்தலில் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடினார். கட்சிப் பேச்சைக் கேட்க வராத கூட்டமும் அந்தப் பாட்டுக்கு வந்தது.

சினிமாவுக்குக் கூப்பிட்டபோது, தட்டிக் கழிக்க நினைத்து 1 லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டார்! 1935-ல் 1 லட்சம் என்பது எப்படிப்பட்ட தொகை என்று உங்க தாத்தாவிடம் கேளுங்க. போட்ட சபதத்தையும் மீறவில்லை. 'பக்த நந்தனார்' படத்தில் அவர் நடித்ததே நந்தனார் வேஷம், ஆண் வேஷம். படத்தைக் கல்கி விமர்சனத்தில் கிழித்துத் தொங்கவிட்டார் என்பது தனிக்கதை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓரளவு உங்களுக்கே தெரியும். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்'. 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். நடுவில் சட்ட மேலவை உறுப்பினர் பதவி. 1970-ல் பத்மஸ்ரீ. எனக்கென்னவோ, இந்தப் பட்டங்களைவிட அந்த 1 லட்சம் பேரம்தான் பெரிசாத் தெரியுது. ரயிலில் காசுக்குப் பாடிய பெண் தன் குரலுக்குத் தானே விலை சொன்ன இடம் அது.

1980-ல் காலமானார். கிட்டப்பா போன பிறகு கிட்டத்தட்ட 47 வருஷம் அதே வெள்ளைப் புடவைதான்.

நீங்க ஈரோட்டிலிருந்து கரூர் பக்கம் ரயிலில் போனால் நடுவில் கொடுமுடி வரும். ரொம்ப நேரம் நிற்காது. ஹெட்போனைக் கழட்டிட்டு ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஏதாவது ஒரு குழந்தை பாடிக்கிட்டே பெட்டிக்குள்ள ஏறினாலும் ஏறும்.