முதுமையை வெல்ல முயன்ற மொரிஷியஸ் மருத்துவர்

பாரிஸ் நகரின் உயிரியல் கழகக் கூட்டத்தில், 1889 ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதலாம் தேதி, 72 வயதான பேராசிரியர் ஒருவர் வெளியிட்ட அறிவிப்பு மருத்துவ உலகை வியப்பிலும் சங்கடத்திலும் ஒருங்கே ஆழ்த்தியது. நாய்களின், கினிப்பன்றிகளின் விரைகளை நீரில் நசுக்கி வடிகட்டிய சாற்றைத் தனது தோலுக்கடியில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டதாகவும், அதன் பின்னர் இழந்த வலிமை திரும்பியதாகவும் அவர் தெரிவித்தார்.

பேசியவர் போலி மருத்துவர் அல்லர். பிரெஞ்சு கல்வி உலகின் உச்சங்களில் ஒன்றான கொலேஜ் த பிரான்ஸில், புகழ்பெற்ற குளோத் பெர்னார் மறைந்ததும் 1878 இல் அவரது இடத்துக்கு வந்த சார்ல்ஸ் எடுவார்ட் பிரௌன் செகார் அவர்.

மொரிஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் 1817 இல் அவர் பிறந்தார். தந்தை அமெரிக்கக் கப்பல் தலைவர். மகன் பிறக்கும் முன்பே கடலில் மறைந்தவர். தாய் பிரெஞ்சு வம்சாவளியினர். தையல் வேலை செய்து மகனை வளர்த்தார். தீவு பிரிட்டனின் ஆட்சியில் இருந்ததால் மகன் பிரிட்டிஷ் பிரஜையானார். எழுத்தாளராகும் கனவோடு 1838 இல் பாரிஸ் சென்ற இளைஞர், அக்கனவு கைகூடாததால் மருத்துவம் பயின்று 1846 இல் பட்டம் பெற்றார். பின்னர் பிலடெல்பியா, லண்டன், ஹார்வர்ட் என எங்கும் நிலைகொள்ளாமல் அலைந்தார். பிரெஞ்சுக் குடியுரிமையை அவர் பெற்றதே 1878 இல்தான்.

முதுகுத் தண்டின் ஒரு பாதி மட்டும் துண்டிக்கப்பட்டால், அதே பக்கத்தில் இயக்கமும் எதிர்ப்பக்கத்தில் வலி உணர்வும் இழக்கப்படுவதை அவர் விளக்கினார். இந்தப் பாதிப்பு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளை அகற்றினால் விலங்குகள் இறந்துவிடுகின்றன என்பதை 1856 இல் காட்டியவரும் அவரே.

தன் உடலையே சோதனைக்கு உட்படுத்துவது அவருக்குப் பழக்கமானது. இரைப்பை நீரைப் பெறுவதற்காக நூலில் கட்டிய பஞ்சை விழுங்கி வெளியே இழுத்ததாகவும், அதனால் உண்ட உணவு மேலெழும் தொல்லை வாழ்நாள் முழுவதும் நீடித்ததாகவும் சொல்லப்படுகிறது. மொரிஷியஸில் 1854 இல் காலரா பரவிய வேளையில் தாயகம் திரும்பி நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்.

இத்தகைய ஒருவர் கூறியதாலேயே 1889 ஆம் ஆண்டின் அறிவிப்பு தீயாகப் பரவியது. கையின் பிடிவலிமையைக் கருவி கொண்டு அளந்ததாகவும், மாடிப்படிகளில் ஓடி ஏற முடிந்ததாகவும், சிறுநீர் முன்னைவிட வேகமாக வெளியேறியதாகவும் அவர் பதிவு செய்திருந்தார். அவர் பெரிதும் பேசியது பொதுவான உடல் வலிமை பற்றித்தான். ஆனால் மக்கள் காதில் விழுந்தது ஆண்மை மீட்பு என்ற செய்தி. சோதித்துப் பார்க்க விரும்பிய மருத்துவர்களுக்கு அவர் சாற்றை இலவசமாகவே வழங்கினார். வணிகர்களோ அவரது பெயரைப் பயன்படுத்திப் பொருள் ஈட்டினர்.

அவரிடம் மோசடி நோக்கம் இருந்ததாகக் கூற இயலாது. பிழை வேறிடத்தில் இருந்தது. விரைகள் டெஸ்டோஸ்டெரோன் என்ற இயக்குநீரைச் சுரக்கின்றனவே தவிர, சேமித்து வைப்பதில்லை. அது நீரில் எளிதில் கரைவதும் இல்லை. அவரது முறையில் சாற்றை மீண்டும் தயாரித்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பயனளிக்கத் தேவையானதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவான டெஸ்டோஸ்டெரோனே அதில் இருந்ததாக 2002 இல் தெரிவித்தனர். முதியவர் உணர்ந்தது நம்பிக்கையின் விளைவு என்றே கருதப்படுகிறது.

எனினும், சுரப்பிச் சாறு நோயைத் தீர்க்கலாம் என்ற அவரது எண்ணம் வீணாகவில்லை. தைராய்டு குறைபாட்டுக்கு ஆட்டின் தைராய்டுச் சாறு பலனளிப்பதை ஆங்கிலேய மருத்துவர் ஜார்ஜ் மரே 1891 இல் காட்டினார். டெஸ்டோஸ்டெரோன் 1935 இல் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும் ஆண்மைக்குறைவுள்ள பலருக்கு அதில் குறைபாடு இருப்பதில்லை என்பது பின்னர் தெளிவானது.

விறைப்பு என்பது முதன்மையாக இரத்த ஓட்டத்தையும் நரம்புகளையும் சார்ந்தது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், இரத்தக் குழாய்த் தடிப்பு, முதுகுத் தண்டுக் காயம், மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவை அதைக் குலைக்கின்றன. முதுகுத் தண்டை அவரளவுக்கு ஆராய்ந்த வேறொருவர் அக்காலத்தில் அரிது. அத்தகையவர் விடையைச் சுரப்பியில் மட்டும் தேடியது விந்தைதான்.

நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட சில்டெனாபில், வயாகரா என்ற பெயரில் 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆணுறுப்பின் குழாய்களில் இரத்தம் பாய அது உதவுகிறதேயன்றி, அங்கு குழாய்களைக் கெடுத்த நோயைக் குணப்படுத்துவதில்லை. அக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை என்பதால், மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் கோளாறு தோன்றக்கூடும். மாத்திரையை மட்டும் இரகசியமாக வாங்கி விழுங்குபவர் அந்த முன்னெச்சரிக்கையைத் தவறவிடுகிறார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்பவர் இதனையும் சேர்த்து எடுத்தால், இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இலேகியமென்றும் மூலிகையென்றும் விற்கப்படும் சில பொருட்களில் இதே மருந்து அறிவிக்கப்படாமல் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் அதிகாரிகள் கண்டறிந்துள்ளனர்.

பிரௌன் செகாருக்கு ஊசி தந்த தெம்பு நீடிக்கவில்லை. சில வாரங்களிலேயே அளவீடுகள் பழைய நிலைக்கு இறங்கின. 1894 ஏப்ரலில், 77 வயதை எட்டச் சில நாட்களே இருந்த நிலையில், அவர் காலமானார். தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் மொரிஷியஸில், போ பாசின் என்ற ஊரிலுள்ள மனநல மருத்துவமனை அவரது பெயரைத் தாங்கியுள்ளது. நீரிழிவு மிகுந்த நாடுகளில் ஒன்றாக அத்தீவு இன்று எண்ணப்படுகிறது.