ஒன்றரை லட்சம் ரூபாயை மறுத்த விஞ்ஞானி

தன்னைத் தேடி வந்த ஒன்றரை லட்சம் ரூபாயை வாங்க மறுத்தவர் ஒரு விஞ்ஞானி. ரூபாய்க்கு மிகுந்த மதிப்பு இருந்த வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் நடந்தது இது.

அவர் வசதியில் புரண்டவர் அல்ல. பிறந்த எட்டாவது மாதத்தில் தந்தையை இழந்தவர். பிறர் உதவியால் படித்தவர்.

அவர்தான் சாந்தி சுவரூப் பட்நாகர். இந்தியாவில் தேசிய ஆராய்ச்சிக்கூடங்களை உருவாக்கியவர். செம்பூரை அடுத்த மாகுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்ததிலும், காரைக்குடியில் பெரிய விஞ்ஞான நிலையம் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தாத்தா வீட்டில் வளர்ந்தார்

1894-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி பட்நாகர் பிறந்தார். ஊர், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பேரா. தந்தை பெயர் பரமேசுவரி சகாய். அவர் இறந்த பிறகு, குழந்தையை அம்மா வழித் தாத்தா எடுத்து வளர்த்தார். உத்தரப்பிரதேசத்தில் உள்ள சிக்கந்தராபாத்தில் தாத்தாவுக்கு வீடு. அவர் ஒரு என்ஜினீயர். வீட்டில் கிடந்த கருவிகளே பையனுக்கு விளையாட்டுப் பொருள்கள்.

1908-ம் ஆண்டுவாக்கில் தந்தையின் நண்பர் ஒருவர் பையனை லாகூருக்கு அழைத்துச் சென்று தயால்சிங் பள்ளியில் படிக்க வைத்தார். 17 வயதிலேயே அலகாபாத் பத்திரிகை ஒன்றுக்குப் பட்நாகர் எழுதினார். வெல்லப்பாகுக் கழிவையும் கரிப்பொருளையும் சேர்த்து அழுத்தி, சூடுபடுத்தி, மின்கலத்துக்கு வேண்டிய கரிக்குச்சி செய்யலாம் என்பது அவர் கண்ட வழி.

தயால் சிங் மஜீதியா என்ற செல்வந்தர் தன் சொத்தைக் கல்விக்கு எழுதி வைத்துவிட்டு 1898-ல் காலமானவர். அந்த அறக்கட்டளைதான் பட்நாகரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. போக வேண்டிய இடம் அமெரிக்கா. ஆனால் முதல் உலகப்போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. கப்பலில் இடம் கிடைக்கவில்லை. லண்டனிலேயே தங்கி, பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் டொனானிடம் சேர்ந்தார். 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கூழ்மம் என்றால் என்ன?

பட்நாகர் படித்தது பவுதிக ரசாயனம். எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேரும் என்பதோடு இந்தப் படிப்பு நிற்பதில்லை. சேரும்போது எவ்வளவு வெப்பம் வரும், வாயுவை அழுத்தினால் என்ன ஆகும், ஒரு பொருள் ஏன் கரைகிறது, ஏன் திரிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது இது.

இதில் ஒரு பிரிவு கூழ்மம். உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். மணலைப் போட்டால் அடியில் தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. கரையவும் செய்யாமல், தங்கவும் செய்யாமல், மிக நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டே இருக்கும். அதுவே கூழ்மம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் அவை. பால் ஒரு கூழ்மம். எழுதும் கரி மையும் கூழ்மம்தான்.

மழைக்காலத்தில் கலங்கலாக வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் லேசில் தெளிவதில்லை. களிமண் துகள்களின் மேல் மின்னேற்றம் இருக்கிறது. எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. படிகாரத்தைப் போட்டுக் கலக்கினால் அந்த மின்னேற்றத்தின் பலம் போய்விடுகிறது. துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்குகின்றன. தண்ணீர் தெளிகிறது.

குடத்து நீருக்கு நன்மை செய்யும் இதே குணம்தான் ஓர் எண்ணெய்க் கம்பெனியைத் திண்டாட வைத்தது.

கிணற்றில் உறைந்த சேறு

லண்டனிலிருந்து திரும்பிய பட்நாகர் முதலில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1924-ல் லாகூரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அப்போது ராவல்பிண்டி வட்டாரத்தில் அட்டோக் ஆயில் கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கிணற்றுக்குச் சேறு மிகவும் முக்கியம். துளையிடும் குழாய் வழியாகச் சேற்றுக் குழம்பை உள்ளே செலுத்துவார்கள். அது துளைக்கருவியின் சூட்டைத் தணிக்கும். உடைந்த கல்லையும் மண்ணையும் மேலே கொண்டுவரும். அடியிலிருந்து பீறிடும் வாயுவையும் எண்ணெயையும் தன் கனத்தால் அழுத்தி வைக்கும்.

துளை, உப்பு உள்ள பகுதியைத் தொட்டது. சேற்றில் உப்பு கலந்ததும், குடத்து நீரில் படிகாரம் செய்த வேலையை அது செய்தது. சேறு திரண்டு இறுகியது. வேலை நின்றது. கம்பெனிக்காரர்கள் பல வழிகளை முயன்று பார்த்துவிட்டு, லாகூர் பேராசிரியரிடம் வந்தார்கள்.

பட்நாகருக்கு இது கூழ்மக் கணக்கு. இயந்திரத்தை மாற்றச் சொல்லவில்லை. சேற்றில் நம் நாட்டுக் கோந்தைக் கலக்கச் சொன்னார்.

விளக்குக் கரியை வெறும் தண்ணீரில் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் கரி தனியே பிரிந்துவிடும். கோந்து சேர்த்து அரைத்தால் பிரியாது, மை ஆகும். கோந்து ஒவ்வொரு துகளின் மேலும் போர்வை போல் படிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டவிடாமல் காப்பதே காரணம். சேற்றிலும் அதுவே நடந்தது. உப்பு பட்டும் சேறு இறுகவில்லை. குழம்பாகவே ஓடியது. கிணற்று வேலை தொடர்ந்தது.

பணம் யாருக்கு?

அட்டோக் கம்பெனியோடு தொடர்புடைய லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனம் மனம் மகிழ்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. பெட்ரோலியம் பற்றி பட்நாகர் மேலும் ஆராய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம்.

பட்நாகருக்குக் குடும்பம் இருந்தது. பேராசிரியர் சம்பளத்தில் வாழ்ந்தவர். வாங்கிக்கொண்டிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. ஆனால் அவர் தன் பெயரில் வாங்க மறுத்தார். பணத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கச் சொன்னார். அதைக்கொண்டு பெட்ரோலிய ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கியது. மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. மெழுகின் வாடையை நீக்குவது, மண்ணெண்ணெய் விளக்குச் சுடரின் உயரத்தைக் கூட்டுவது போன்ற ஆராய்ச்சிகள் அங்கே நடந்தன. பலனைக் கண்ட கம்பெனி பிறகு தொகையைக் கூட்டி, ஐந்தாண்டுத் திட்டத்தைப் பத்தாண்டாக நீட்டித்தது.

1934-ல் விஞ்ஞானி மேகநாத் சாகா அவருக்குக் கடிதம் எழுதி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பை அவர் உயர்த்திவிட்டதாகப் பாராட்டினார்.

தமிழரோடு சேர்ந்த பணி

இரண்டாம் உலகப்போர் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோனது. உள்நாட்டிலேயே பொருள்களைச் செய்ய ஆராய்ச்சி தேவைப்பட்டது. அப்போது வைசிராய் நிர்வாக சபையில் வர்த்தகப் பொறுப்பில் இருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். 1940-ல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு அமைய அவர் முன்னின்றார். அதை நடத்த பட்நாகர் லாகூரை விட்டுக் கல்கத்தா சென்றார். 1942-ல் அது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலாக வளர்ந்தது.

1946-ல் மனைவி லாஜ்வந்தி காலமானார். பட்நாகர் உருதுக் கவிஞரும்கூட. தன் உருதுக் கவிதைத் தொகுப்புக்கு மனைவியின் பெயரையே வைத்தார். மறு ஆண்டு நாடு பிரிந்தது. பிறந்த ஊரும், 16 ஆண்டுகள் உழைத்த லாகூர் ஆராய்ச்சிக்கூடமும் அந்நிய நாட்டுக்குப் போய்விட்டன.

அவர் வேலையில் மூழ்கினார். புனேயில் தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூடமும், டெல்லியில் தேசிய பவுதிக ஆராய்ச்சிக்கூடமும் 1950-ல் திறக்கப்பட்டன. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் தொடங்கியது. தாராவிக்கு ஆரம்ப காலத்தில் வந்த தமிழர்களில் பலர் தோல் பதனிடுபவர்கள். அந்தத் தொழிலுக்கும் விஞ்ஞானத்தின் துணை கிடைத்தது.

காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ந் தேதி அங்கே பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஒரு செல்வந்தரின் அறப்பணத்தில் படித்தவர், இன்னொரு செல்வந்தரின் அறப்பணத்தை நாட்டுப் படிப்புக்குப் பயன்படச் செய்தார்.

மாகுலில் ஆலைகள்

மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அப்போது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தன. இங்கேயே சுத்திகரிப்பு ஆலைகள் வேண்டும் என்று 1951-ல் எண்ணெய்க் கம்பெனிகளோடு பேசும் பொறுப்பு பட்நாகருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஆண்டே ஒப்பந்தங்கள் ஆயின. ஸ்டான்வாக் ஆலை 1954-லும், பர்மா ஷெல் ஆலை 1955 ஜனவரியிலும் டிராம்பே வட்டாரத்தில் வேலையைத் தொடங்கின. பிற்காலத்தில் அவையே இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆலைகளாயின. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அவை சோறு போட்டிருக்கின்றன.

இரண்டாவது ஆலையின் தொடக்கத்தைப் பட்நாகர் பார்க்கவில்லை. 1955 ஜனவரி 1-ந் தேதி, புத்தாண்டு நாளில், மாரடைப்பால் காலமானார். வயது 60. அதற்குள் 12 தேசிய ஆராய்ச்சிக்கூடங்களை உருவாக்கியிருந்தார்.

அவர் பெயரில் விஞ்ஞானப் பரிசு ஏற்படுத்தப்பட்டது. 1958-ல் முதல் பரிசைப் பெற்றவர் வத்திராயிருப்பில் பிறந்த தமிழர் கே.எஸ்.கிருஷ்ணன். 2024 முதல் பட்நாகர் பெயரிலான பரிசு இளம் விஞ்ஞானிகளுக்கு உரியதாக வழங்கப்படுகிறது.

அட்டோக் பணத்தை அவர் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தால், லாகூரில் ஒரு பங்களா எழுந்திருக்கலாம். அது பிரிவினையோடு போயிருக்கும். அவர் வளர்த்த ஆராய்ச்சிக்கூடங்கள் இன்றும் இருக்கின்றன.