சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

ஹாலிவுட்டின் பழைய நகைச்சுவை நடிகர் என்றதும் நம்மில் பலர் சார்லி சாப்ளினோடு நின்றுவிடுகிறார்கள். நான் பஸ்டர் கீட்டன் கட்சி.

1895-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஊர் ஊராகச் சென்று நடித்து வந்த மேடைக் கலைஞர்களின் மகனாகப் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே மேடையேறினார். தந்தை பிள்ளையைத் தூக்கி எறிவார். பிள்ளை எங்கேயாவது மோதி விழும். அதுதான் வேடிக்கை! எறிவதற்கு வசதியாக உடையில் கைப்பிடி வேறு தைத்திருந்தார்கள். விழுந்தவன் தானும் சிரித்தால் அவையோர் சிரிப்பதில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாலோ கொட்டகை அதிர்கிறது. இந்த நுட்பத்தை அந்த வயதிலேயே கண்டுகொண்டார்.

1917-இல் ராஸ்கோ ஆர்பக்கிளோடு படத்துறைக்கு வந்தார். 1920 முதல் அவருக்கென்றே ஒரு படப்பிடிப்பு நிலையம் இயங்கிற்று. அங்கே எழுதி முடித்த கதை கிடையாது. தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி தானாக வந்துவிடும். 1924-இல் ‘ஷெர்லாக் ஜூனியர்’ எடுக்கையில் தொட்டித் தண்ணீர் கொட்டி அவரைத் தண்டவாளத்தில் வீழ்த்தியது. கழுத்தில் எலும்பு முறிந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே மருத்துவர் கண்டார். 1926-இல் வந்த ‘தி ஜெனர’லில் எரியும் பாலத்தோடு உண்மையான ரயில் எஞ்சினையே ஆற்றில் விழச் செய்தார். செலவுக்கேற்ற வசூல் இல்லை. (நம் சங்கத்தில் இதை ஒருநாள் திரையிடலாம், தமிழறியாத விடுதி நண்பர்களையும் தயங்காமல் அழைக்கலாம்.)

பேசும்படம் வந்து கீட்டனைக் கெடுத்தது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். அவருடைய பேசும்படங்கள் நன்றாகவே ஓடின. கெடுத்தது 1928-இல் எம்.ஜி.எம். கம்பெனியோடு செய்த ஒப்பந்தம். சாப்ளின் தம் படங்களுக்குத் தாமே உரிமையாளர். கீட்டனுக்கோ தம் பெயரில் நடந்த கம்பெனியிலேயே ஒரு பங்குகூட இல்லை. சாப்ளின் எச்சரித்தும் கையெழுத்திட்டார். வாரம் 3,000 டாலர் சம்பளம். ஆனால் கதை பிறருடையது, முடிவு பிறருடையது. குடி பற்றிக்கொண்டது, குடும்பம் குலைந்தது, 1933-இல் வேலையும் போயிற்று. பின்னர் அதே கம்பெனியில், மற்ற நடிகர்களுக்கு வேடிக்கை யோசித்துக் கொடுக்க, வாரம் 100 டாலருக்கு அமர்ந்தார்.

1952-இல் சாப்ளினின் ‘லைம்லைட்’டில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். பழைய படச்சுருள்கள் மீண்டும் வெளிவந்தன. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஐந்து மாதங்களுக்குள், 1966 பிப்ரவரி முதல் நாள், கீட்டன் காலமானார்.