யாவரும் தோரா கற்க வழி செய்த உரையாசிரியர் ராஷி



செய்யுட் பகுதியைப் படிக்கும்போது அரும்பதவுரை இல்லாவிட்டால் எவ்வளவு இடர்ப்படுவீர்கள் என எண்ணிப் பாருங்கள். 11 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த யூத மக்களும் தமது சமய நூல்களைக் கற்பதில் இத்தகைய இடர்ப்பாட்டையே எதிர்நோக்கினர். அதனைப் பெருமளவு நீக்கியவர் ராஷி ஆவார்.

பிறப்பும் கல்வியும்

ரபி ஷ்லோமோ யிட்ஸ்ஹாக்கி என்னும் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தே ராஷி என வழங்கலாயிற்று. ரபி என்பது யூத சமய ஆசிரியரைக் குறிக்கும். இவர் 1040 ஆம் ஆண்டளவில் பிரான்சின் துரோவா நகரில் பிறந்தார். ஜேர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள மைன்ஸ், வேர்ம்ஸ் நகரங்களின் கல்விக்கூடங்களிற் பயின்றார். அக்காலத்தில் உணவுக்கும் உடைக்கும் குறைவிருந்தது. குடும்பப் பொறுப்பும் இருந்தது. எனினும் கல்வியை அவர் கைவிடவில்லை. பின்னர் துரோவாவுக்குத் திரும்பிக் கற்பித்தார்.

உரை எழுதக் காரணம்

விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களே தோரா எனப்படும். யூதர் இதனை வாரந்தோறும் ஒரு பகுதியாகத் தொழுகைக்கூடத்தில் வாசித்து ஓராண்டில் நிறைவு செய்வர். ஆனால் அதன் மொழி பழைய எபிரேயம். துரோவாவில் வாழ்ந்த யூதர் அன்றாடம் பேசியதோ பிரெஞ்சு. சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய தல்மூத் இன்னும் கடினமானது. நல்லாசிரியர் ஒருவர் அருகில் இல்லாதவர்க்கு அதன் பொருள் விளங்காது.

ராஷி இரண்டுக்கும் உரை எழுதினார். அவரது உரையின் சிறப்புகளைக் கவனியுங்கள்.

1. வசனங்கள் சுருக்கமானவை.
2. தோரா உரையில் சொல்லின் நேர்ப்பொருளுக்கு முதன்மை அளித்தார். தேவையான இடங்களில் மரபுவழி விளக்கங்களையும் சேர்த்தார்.
3. கடினமான சொற்களுக்குரிய பிரெஞ்சுச் சொற்களை எபிரேய எழுத்தில் எழுதினார். பழைய பிரெஞ்சு மொழியை ஆராய்வோருக்கு இவை இன்றும் உதவுகின்றன.
4. தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார்.

நான்காவது சிறப்புக்கு ஓர் உதாரணம் பாருங்கள். ஆதியாகமம் 28 ஆம் அதிகாரத்தில் ரெபேக்காள், யாக்கோபு ஏசா ஆகியோரின் தாய் எனக் குறிப்பிடப்படுகிறாள். இது வாசகர் ஏற்கெனவே அறிந்த செய்தி. அதை மீண்டும் கூறுவது எதை உணர்த்துகிறது என்று தமக்குத் தெரியாது என ராஷி எழுதினார். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தைப் பேசாமல் கடந்து சென்றிருக்கலாம். ஆனால் கேள்வியொன்று இருப்பதைக் கற்பவரும் காண வேண்டும் என்பதுபோல் அதனைப் பதிவு செய்தார்.

பிற்காலம்

ராஷியின் மகள்வழிப் பேரர்களும் சிறந்த அறிஞராயினர். அவர்களுள் ஒருவரான சாமுவேல், நேர்ப்பொருள் குறித்துப் பாட்டனாருடன் வாதிட்டார். தமக்குக் காலம் வாய்த்தால் புதிய உரைகள் எழுத வேண்டியிருக்கும் என ராஷி ஒப்புக்கொண்டதாக அப்பேரரே பதிவு செய்துள்ளார்.

1096 இல் முதலாம் சிலுவை யுத்தத்துக்குப் புறப்பட்ட கூட்டத்தினர் வேர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைப் பெருந்தொகையாகக் கொன்றனர். ராஷி பயின்ற நகரங்களே இவ்வாறு அழிவுக்குள்ளாயின. ஆசிரியர்களையும் மாணவர்களையும் இழந்த சமுதாயத்துக்கு எழுதிவைத்த உரை எவ்வளவு பெரிய துணை என்பதைச் சிந்தியுங்கள்.

ராஷி 1105 இல் காலமானார். அச்சிட்ட ஆண்டு குறிக்கப்பட்டு வெளிவந்த முதல் எபிரேய நூல், 1475 இல் இத்தாலியில் அச்சான அவரது தோரா உரையே. இன்றும் தொழில் செய்து வாழும் சாதாரண யூதர் பலர், அந்தந்த வாரப் பகுதியை அவரது உரையோடு வீட்டிலேயே கற்கின்றனர்.

மாணவர்களே, விளங்காத இடத்தில் வெட்கப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். பென்சிலால் அடையாளமிட்டு ஆசிரியரிடம் கேளுங்கள். பேரறிஞர் ராஷியே தமக்கு விளங்காததை எழுதிவைத்தார் அல்லவா?

பயிற்சி வினாக்கள்

1. ராஷி பிறந்த நகரம் எது? அவர் பயின்ற நகரங்கள் இரண்டு தருக.
2. அவரது உரையின் சிறப்புகள் மூன்றைக் குறிப்பிடுக.
3. தெரியாததை ஒப்புக்கொள்வது கல்விக்கு எவ்வாறு உதவும்? உமது கருத்தை எழுதுக.