வென்ற பின் வருந்திய வேந்தர்

தாம் பெற்ற வெற்றியையே தம் குற்றமெனக் கல்லில் பொறித்து வைத்த மன்னர் வரலாற்றில் மிக அரியர். அவருள் முதல்வராக எண்ணத்தக்கவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

சந்திரகுப்த மௌரியரின் பேரனும் பிந்துசாரரின் மைந்தருமாகிய அசோகர், கி.மு. 268ஆம் ஆண்டளவில் முடிசூடினார். பாட்டனார் அரசு துறந்து, பத்திரபாகு முனிவருடன் சிரவணபெளகுளம் அடைந்து, சல்லேகனை நோற்று உடல் நீத்தார் என்பது நம் மரபு. பேரரோ வாளை நம்பினார். முடிசூடிய எட்டாண்டுகளுக்குப் பின் கலிங்கத்தின் மீது படையெடுத்தார். போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். 1,50,000 பேர் சிறைப்பிடித்துக் கொண்டு செல்லப்பட்டனர். மேலும் பன்மடங்கினர் மாண்டனர். இக்கணக்கைத் தந்தவர் அசோகரே. அவருடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் இதனைக் கூறுகிறது.

அச்சாசனத்தில் அவர் களத்தில் மடிந்தோர்க்கு மட்டும் இரங்கவில்லை. அந்தணர், சிரமணர், இல்லறத்தார் ஆகியோர் பட்ட துயரையும், உற்றாரை இழந்தோரின் வேதனையையும் எண்ணி வருந்துகிறார். அவருள் ஆயிரத்தில் ஒரு பங்கினர் இனித் துன்புறினும் அது தமக்குப் பெருந்துயரே என்கிறார். தமக்குத் தீங்கு செய்தோரையும் இயன்றவரை பொறுத்தருள்வதாக உறுதி கூறுகிறார். எனினும் அதே சாசனம் காட்டு மக்களுக்கு எச்சரிக்கையும் விடுக்கிறது; கொண்டு செல்லப்பட்டோர் வீடு திரும்பியதாக ஒரு சொல்லும் இல்லை. மனம் மாறியவரிடத்தும் குறை இருந்தது.

கலிங்க நாட்டுத் தௌலி, ஜௌகடா பாறைகளில் இவ்வருத்தச் சாசனம் காணப்படவில்லை. அதற்கு ஈடாக அதிகாரிகளுக்கு இட்ட ஆணைகள் உள்ளன. காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது. சினம், பொறாமை, அவசரம், சோம்பல் ஆகியவற்றை ஒழித்து நடுநிலையோடு நடக்க வேண்டும். குடிகள் அனைவரும் அரசர்க்கு மக்களாவர் என்பன அவை. புண்பட்டோர்க்கு வேண்டியது நீதியான ஆட்சி என்று இவ்வாணைகள் நமக்கு உணர்த்துகின்றன.

பிற்காலத்தில் 26 ஆண்டுகளுள் 25 முறை சிறையாளரை விடுவித்ததாக அவர் தூண் சாசனம் கூறும். பௌத்தராயினும், நிர்க்கிரந்தர் நலனையும் பேணுமாறு தரும அதிகாரிகளை ஏவினார்.

கலிங்கமும் அழிந்து போகவில்லை. பின்னர் அங்குத் தோன்றிய காரவேலர், அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்கும் சாசனத்தை உதயகிரியில் பொறித்தார். புயலால் சிதைந்த தலைநகரைப் புதுப்பித்த செய்தியும் அதில் உண்டு. பிணம் குவிந்த நாட்டில் மீண்டும் அறம் தழைத்தது.

கலிங்கத்தார் அசோகரை மன்னித்தனரா என்று எக்கல்லும் கூறவில்லை. மன்னிப்பு, இழந்தவர் மனமுவந்து அளிப்பது. கேட்டுப் பெறும் உரிமையன்று. தவறிழைத்தவர் கடமை, குற்றத்தை மறையாது உரைத்து, மீண்டும் செய்யாதிருத்தல். ஆலோசனை, பிரதிக்கிரமணம் என நம் ஆன்றோர் வகுத்த நெறியும் இதுவே. க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டும் நாம், அச்சொல்லுக்குப் பின் நம் நடையும் மாறுகின்றதா என எண்ணிப் பார்ப்போமாக.