பிராமாவும் ஒரு தோல் வாஷரும்

ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை என்றதும் எடிசன், ஜேம்ஸ் வாட் என்று நாலு பேர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதுவது ஜோசப் பிராமாவைப் பற்றி. ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் பிராமா பிரஸ் என்று இரண்டு மார்க் கேள்வியாக வந்து போவாரே, அவரேதான். ஆனால் நான் அவரைப் புத்தகத்தில் சந்திக்கவில்லை. ஒரு பழைய காரின் கதவுக்குள் சந்தித்தேன்.

இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு நான் போன பட்டறையில் 1940களின் அமெரிக்க கன்வெர்ட்டிபிள் ஒன்று நின்றது. அதில் பவர் விண்டோ. இப்போது போல மோட்டாரே நேரடியாகக் கண்ணாடியை ஏற்றுவதில்லை, எண்ணெய் ஏற்றும். 1940 கடைசியில் வெளிவந்த 1941 மாடல் பேக்கார்ட் 180 காரில் இந்த முறை வந்தது, பிறகு லிங்கன், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலும் வந்தது. ஒரு எலக்ட்ரிக் மோட்டார் பம்பைச் சுற்றும். பம்ப், பிரேக் ஆயிலை ஒவ்வொரு கதவுக்குள்ளும் இருக்கிற சின்ன சிலிண்டருக்குத் தள்ளும், கண்ணாடி ஏறும். இறக்க வேண்டுமானால் சோலினாய்டு வால்வு திறந்து எண்ணெயைத் திரும்ப விடும், ஸ்பிரிங் கண்ணாடியை இழுத்துக்கொள்ளும். முன் சீட் நகர்வதும் அதே பம்பின் தயவில்தான்.

யோசனை என்னவோ அருமை. ஆனா பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சிலிண்டருக்குள் துரு பிடிக்கும், ரப்பர் கப் இறுகிப்போகும், ஒழுகுகிற ஆயில் கதவின் பெயிண்ட்டைத் தின்றுவிடும். 1950களில் கம்பெனிகள் இதை விட்டுவிட்டு நேரடி மோட்டாருக்குப் போனதற்கு இந்த ஒழுகலும் ஒரு காரணம்.

நாலு சிலிண்டரையும் இறக்கி, துருவை எடுத்து, ஹோனிங் செய்து, புது கப் மாட்டினோம். நாலாவதை மட்டும் மேஸ்திரி என் கையில் கொடுத்தார். மாட்டினேன். சுவிட்சை அமுக்கினால் பம்ப் ஓடுகிறது, கண்ணாடி அசையவில்லை, கதவுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். கப்பைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்! மேஸ்திரி திட்டவில்லை. மூலையில் கிடந்த சைக்கிள் பம்பைப் பிரித்து, தோல் வாஷரை எடுத்து என்னிடம் கொடுத்து, உதடு எந்தப் பக்கம் விரிகிறது என்று பார்க்கச் சொன்னார். அவ்வளவுதான். அந்த உதட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருப்பது பிறகு லைப்ரரியில்தான் எனக்குத் தெரிந்தது.

பிராமா 1748-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில், பார்ன்ஸ்லி பக்கம் ஸ்டெயின்பரோவில் ஒரு விவசாயி மகனாகப் பிறந்தார். பதினாறு வயதில் கணுக்காலில் பலத்த அடி. இனி வயல் வேலைக்கு ஆக மாட்டான் என்று ஆனதும் உள்ளூர் தச்சரிடம் தொழில் பழகச் சேர்த்தார்கள். கால் நன்றாக இருந்திருந்தால் நமக்கு ஒரு விவசாயிதான் கிடைத்திருப்பார். பிறகு லண்டன் போய் மரச்சாமான் வேலை, அதோடு பெரிய வீடுகளில் தண்ணீர்க் கக்கூஸ் பொருத்தும் வேலை. குளிர்காலத்தில் அதன் வால்வு உறைந்து மக்கர் பண்ணியது. அதைத் திருத்தி 1778-ல் பேட்டண்ட் வாங்கினார். சிரிக்க வேண்டாம், அவருடைய தொழில் வாழ்க்கை கக்கூஸில்தான் ஆரம்பித்தது.

1784-ல் ஒரு பூட்டு. அதைத் திறக்கிற கருவியைச் செய்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று 1790-லிருந்து பிக்கடில்லியில் தன் கடை ஜன்னலில் வைத்தார். அறுபது வருஷம் யாராலும் முடியவில்லை. 1851-ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். அப்போது பிராமா உயிரோடு இல்லை.

பூட்டு நல்ல பூட்டுதான், ஆனால் அத்தனை நுணுக்கமான பாகங்களை அரத்தை வைத்துக் கையால் ராவி எத்தனை செய்ய முடியும்? கை சுத்தமான ஆள் தேடினார். உல்விச் ஆயுதச் சாலையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி என்ற பையனைப் பற்றிக் கேள்விப்பட்டு 1789-ல் கூட்டி வந்தார். அப்போது மாட்ஸ்லிக்குப் பதினெட்டு வயது, நம்ம செட்டு. கொஞ்ச நாளிலேயே பட்டறைக்கு ஃபோர்மேன் ஆனார்.

1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு பேட்டண்ட். தத்துவம் பாஸ்கலுடையது. அவர் எழுதியது அவர் இறந்த பிறகு 1663-லேயே அச்சாகிவிட்டது. அரை இஞ்ச் பிளஞ்சர், பத்து இஞ்ச் ராம் என்று வையுங்கள், பரப்பளவு 400 மடங்கு. இங்கே பத்து கிலோ அமுக்கினால் அங்கே நாலாயிரம் கிலோ. பேப்பரில் இவ்வளவு சுலபமாக இருந்ததை நூற்று முப்பது வருஷமாக ஏன் ஒருவரும் இரும்பில் செய்யவில்லை?

ஒழுகல்! ராமைச் சுற்றி பேக்கிங்கை லூசாக வைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். இறுக்கி வைத்தால் அழுத்தத்தை எடுத்த பிறகும் ராம் பிடித்துக்கொண்டு இறங்காது. பிராமா மாட்டிக்கொண்டது இங்கேதான். இதற்கு விடை சொன்னவர் மாட்ஸ்லி என்று சொல்கிறார்கள். உதடு வைத்த தோல் வளையம். தண்ணீர் அழுத்தமே உதட்டை விரித்து ராமோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் ஏற ஏறப் பிடி இறுகும், அழுத்தம் போனால் உதடு தானாகத் தளரும். எதை அடைக்க வேண்டுமோ அதை வைத்தே அடைப்பது. நான் தலைகீழாகப் போட்டது இதைத்தான்.

அப்படிப்பட்ட மாட்ஸ்லிக்கு வாரச் சம்பளம் முப்பது ஷில்லிங். கல்யாணம் ஆகி, குழந்தைகள் பிறந்து, குடும்பம் பெருகியதும் 1797-ல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லி வெளியே போய்த் தனியாகப் பட்டறை வைத்தார். நாம் ஒர்க்‌ஷாப்பில் சுற்றுகிற ஸ்க்ரூ கட்டிங் லேத்தின் பெரும் முன்னேற்றம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஸ்டீம் ஹாம்மர் செய்த நாஸ்மித், டிராயிங் ஹாலில் நம்மைப் பாடுபடுத்தும் த்ரெட்டுக்குச் சொந்தக்காரரான விட்வொர்த், இரண்டு பேரும் மாட்ஸ்லி பட்டறையில் வேலை பார்த்தவர்கள்.

இந்த இடத்தில் எனக்கு பிராமா மேல் கோபம்தான். கிராமத்துத் தச்சராக இருந்து மேலே வந்தவர், கைவேலையின் அருமை தெரிந்தவர், சில ஷில்லிங்குக்காக அந்தக் கையை இழந்தார். ஒன்றும் சொல்லக்கூடும், அந்தப் பையனைத் தேடிக் கண்டுபிடித்துப் பெரிய வேலையை நம்பிக் கொடுத்ததும் அவரேதான். அதையும் மறக்க முடியவில்லை.

பிராமா ஓயவில்லை. பீர் இறைக்கும் பம்ப் செய்தார். 1806-ல் இங்கிலாந்து பேங்க் நோட்டுகளுக்கு நம்பர் அடிக்கும் மெஷின் செய்தார். 1814-ல் ஹாம்ப்ஷயரின் ஹோல்ட் காட்டில், தன்னுடைய பிரஸ்ஸை வைத்தே மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை நேரில் நின்று பார்த்தபோது குளிர் தாக்கிப் படுத்தவர், அந்த டிசம்பரில் காலமானார். 1849-ல் ஸ்டீபன்சன் பிரிட்டானியா பாலத்தின் பிரம்மாண்டமான இரும்புக் குழாய்களைத் தூக்கியது ஹைட்ராலிக் பிரஸ்ஸை வைத்துத்தான்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். கப்பைத் திருப்பிப் போட்டு, பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றி, சாயங்காலம் கண்ணாடியை மேலே ஏற்றி விட்டுப் போனோம். ராத்திரி கீழே இறங்கியிருந்தால் திரும்பவும் கழற்ற வேண்டும். மறுநாள் மேஸ்திரி வருவதற்கு முன்னாலேயே நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடி ஏற்றின இடத்திலேயே நின்றது. கதவுக்கு அடியில் விரித்திருந்த தினத்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.