சோளவயலிலிருந்து புற்றுநோய் ஆய்வுக்கு: பார்பரா மக்கிளின்ரொக்

ஆய்வுத்துறையில் இருப்போரை எடைபோட இன்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவரின் கட்டுரையைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டினர் என்பதே அது. பதவி உயர்வும் ஆய்வு நிதியும் பல இடங்களில் இந்தக் கணக்கைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. வைத்தியத்திலும் விஞ்ஞானத்திலும் உலகெங்கும் பணிபுரியும் எமது கல்லூரியின் பழைய மாணவிகள் இதனை நன்கறிவர். ஆனால் அந்தக் கணக்கு சரியாக வந்துசேர எவ்வளவு காலம் எடுக்கலாம் என்பதை பார்பரா மக்கிளின்ரொக் அம்மையாரின் வாழ்வில் காண்கிறோம்.

அவர் 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகம் சென்றால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று தாயார் அஞ்சினார். எங்கள் பாட்டிமார் வீடுகளிலும் கேட்ட பேச்சுத்தான். வைத்தியரான தந்தை முதலாம் உலக யுத்தப் பணியிலிருந்து திரும்பி வந்து மகளின் பக்கம் நின்றார். 1919இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பார்பரா, 1927இல் தாவரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் தெரிந்தெடுத்த செடி சோளம். குரோமோசோம் எனவும் சொல்லப்படும் நிறமூர்த்தங்கள் சோளத்தில் பத்துச் சோடிகள். அவை ஒவ்வொன்றையும் நுணுக்குக்காட்டியில் வேறுபிரித்து அடையாளம் காட்டினார். நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது பரம்பரை இயல்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்பதை 1931இல் ஹரியற் கிறைற்றன் என்ற மாணவியுடன் சேர்ந்து நிறுவினார். உயர்தர உயிரியல் வகுப்பில் குறுக்குப்பரிமாற்றம் என்று நாம் படித்த பாடத்தின் பின்னால் இந்த இரு பெண்களின் உழைப்பு இருக்கிறது.

புற்றுநோயுடன் அவரை இணைக்கும் ஆய்வு அதன் பின் வந்தது. பனையோலைப் பாயின் ஓரத்தை மடித்துப் பின்னாவிட்டால் பாய் குலைந்துவிடும். நிறமூர்த்தத்தின் நுனிக்கும் அப்படியொரு காப்பு உண்டு. அது இல்லாத உடைந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கலம் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டுப் பாலம்போல் நின்று மீண்டும் உடைகின்றன. மறுபடி ஒட்டுகின்றன, மறுபடி உடைகின்றன. இந்தச் சுற்றை அவர் 1930களின் இறுதியில் சோளத்தில் கண்டு, 1941இல் விரிவாக எழுதினார். இதே சுற்று மனிதரின் புற்றுக்கட்டிகளிலும் நடக்கிறது என்பதும், அதனால் சில பரம்பரையலகுகள் பல மடங்காகப் பெருகுகின்றன, சில இழக்கப்படுகின்றன என்பதும் பல தசாப்தங்களின் பின்னரே தெரியவந்தன. இன்றும் புற்றுநோய் ஆய்வாளர் இதைப்பற்றி எழுதும்போது அந்தச் சோளக் கட்டுரையைக் குறிப்பிடுகின்றனர்.

மிசூரிப் பல்கலைக்கழகத்தில் முன்னேற வழியில்லை என்று உணர்ந்து 1941இல் வெளியேறிய அவர், நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆய்வுகூடத்தில் இறுதிவரை பணியாற்றினார். அங்கே சோளமணிகளின் நிறப்புள்ளிகளை ஆராய்ந்து, சில பரம்பரையலகுகள் இடம்விட்டு இடம் நகர்கின்றன என்று கண்டார். 1951இல் இதை விஞ்ஞானிகள் மாநாட்டில் விளக்கியபோது பெரும்பாலானோருக்குப் பிடிபடவில்லை. 1953இன் பின் இந்த ஆய்வைச் சஞ்சிகைகளில் விரிவாக வெளியிடுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். எனினும் பயிரிடுவதையோ பதிவதையோ நிறுத்தவில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில் முடிவுகளை ஒழுங்காக எழுதிவந்தார்.

பக்டீரியாவிலும் பழ ஈயிலும் பிறர் நகரும் பரம்பரையலகுகளைக் கண்டபின்னரே உலகம் அவரது பழைய கட்டுரைகளைத் தேடியது. 1983இல், 81ஆவது வயதில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசை எவருடனும் பகிராது பெற்ற முதற் பெண் அவரே. 1992 செப்ரெம்பரில் 90ஆவது வயதில் காலமானார். நகரும் பரம்பரைத் துண்டொன்று பெருங்குடற் புற்றுநோயாளி ஒருவரின் காப்புப் பரம்பரையலகினுள் புகுந்து அதைக் குலைத்திருந்தது என்ற ஆய்வு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

நிறமூர்த்த நுனியின் காப்பு பற்றிய ஆய்வுக்கு 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர் பெண்கள்: எலிசபெத் பிளக்பேர்ண், கரல் கிறைடர்.

இப்போது கல்லூரியில் படிக்கும் எம் தங்கைகளுக்கு நாம் சொல்வது: செய்வதைச் செம்மையாகச் செய்து, பிறர் தேடி எடுக்கும்படி எழுதிவையுங்கள். எம் வயதொத்த தோழியருக்கும் ஒன்று. தெரிவுக்குழுக்களில் இன்று நாமே அமர்ந்திருக்கிறோம். விண்ணப்பத்திலுள்ள மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவைக்காமல், அந்தப் பிள்ளை எழுதிய கட்டுரையையும் ஒருமுறை வாசிப்போம்.